அகப்பையில் பாடும் மீன்

லார்னக்கா, சைப்பிரஸ்
17.05.1998

அன்பு மலருக்கு,

ஆண்டவன் உதவியால் நான் நலம். சோப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனிகள்தான் சுருங்கிக் கிடக்கின்றன. நீயும் குட்டிப்பயல் கிரிசாந்தும் உன் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். பொங்கலுக்கு எழுதிய கடிதத்துக்கே இன்னும் பதில் இல்லை. நாம் சேர்ந்து படித்த ஆசிரியர் கலாசாலையில் பாடக்குறிப்பைக் கூட ஒப்படைக்கிற அன்றைக்குத்தானே எழுதுவாய். உன்னிடம் கோபித்து என்ன ஆகப்போகிறது?

தீவு எப்படி இருக்கிறது என்று போன வருடம் கேட்டிருந்தாயே, இப்போது சொல்கிறேன். கோடை பிறந்துவிட்டது. கடற்கரை நீளத்துக்கு ஈச்சமரங்கள், அவற்றுக்கு எதிரே வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். வெள்ளைக்காரர் பொழுது சாய்ந்ததும் வந்து உட்கார்ந்தால் எழும்புவதேயில்லை. ஒரு சின்னத் தட்டு வரும். இவ்வளவுதானா என்று நினைத்தால் இன்னொன்று வரும், பிறகும் வரும். பொரித்த பாற்கட்டி, ஒலிவ் காய், தணலில் வாட்டிய கணவாய், நண்டு. பாதியைத் தின்று பாதியை மிச்சம் வைப்பார்கள். அந்த மிச்சத்தை வாளியில் தட்டும்போதெல்லாம் என் மகள் சபீனாவின் முகம்தான் வரும். காத்தான்குடியில் உம்மா அவளுக்கு என்ன ஆக்கிக் கொடுத்திருப்பாவோ.

தெருமுடிவில் கடலோடு ஒட்டி ஒரு பழைய கோட்டை. உங்கள் புளியந்தீவுக் கோட்டையை விடச் சின்னது. அங்கே உள்ளே அரசாங்கக் கச்சேரி நடக்கிறது, இங்கே யூலை மாதம் பாட்டுக் கச்சேரி நடக்கும். ஊருக்கு வெளியே ஒரு உப்பு வாவி. மாரியில் பூநாரைகள் சிவப்பாக வந்து இறங்கும். இப்போது வற்றி வெளுத்துப் போயிற்று. அதன் கரையில் நபிகளாரின் உறவுப் பெண் ஒருவர் அடங்கியிருக்கிற பள்ளி. ஞாயிறு லீவில் போய் இரண்டு றக்அத் தொழுது விட்டு வருவேன். உல்லாசப் பயணிகள் படம் எடுப்பார்கள், நான் அழுவேன். அடுத்த மாதம் வெள்ளப் பெருநாளாம். நூஹு நபியின் வெள்ளத்தை நினைத்து எல்லாரும் கடலில் இறங்கி ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் அடிப்பார்கள். கரையெல்லாம் கடை போடுவார்கள், நம்முடைய மாமாங்கத் திருவிழா மாதிரி.

நான் வேலைக்கு நின்று பராமரிக்கிற கிழவியின் மகனுக்கு அந்தக் கரையில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கோடை முடியும் வரை பின்நேரங்களில் அங்கே கோப்பை கழுவுகிறேன். அங்கே ஒரு சமையல்காரர், எல்லாரும் அலெக்கோ என்பார்கள். கிரேக்கர் என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் இறால் சட்டியைக் கிளறிக்கொண்டு, "இந்த ஆணம் இன்னும் வத்தல்ல" என்றார், தனக்குத்தானே. மலர், கழுவின கோப்பையை அப்படியே போட்டுவிட்டு அவரிடம் ஓடினேன்! எங்கட ஆள். எந்த ஊர் என்று கேட்டேன். திருகோணமலை என்றார். பொய். குழம்பை ஆணம் என்றும் பிறகு என்பதை மறுகா என்றும் பேசுகிறவர் மட்டக்களப்பு ஆள் என்று எனக்குத் தெரியாதா? வெளிநாட்டில் ஆளுக்கொரு பொய், நான் துருவவில்லை.

ஆள் நல்ல கொழுத்த ஆள், நல்ல பகிடிக்காரர். சாப்பிட வந்தவர்களிடம் போய், எங்கள் ஊர் வாவியில் மீன் பாடும், தண்ணீரில் விட்ட துடுப்பில் காதை வைத்தால் கேட்கும் என்பார். நம்பாமல் சிரிப்பார்கள். உடனே மர அகப்பையின் காம்பை அவர்கள் காதில் வைத்து, மற்றத் தலைப்பைத் தன் பல்லில் கடித்துக்கொண்டு, தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுப்புவார். பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். முதலாளி அதற்காகவே அவரை வைத்திருக்கிறார்.

பிள்ளைக்கு என் முத்தம். இந்தத் தடவையாவது எழுது.

உன்
நஸீறா

---

புளியந்தீவு, மட்டக்களப்பு
18.06.1998

நஸீறா,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது மனம் ஓடவில்லை, குறை நினைக்காதே. உன் கடிதம் வந்து சில நாட்கள் ஆகிவிட்டன. வழக்கம்போலச் சோதனையில் பிரித்துப் பார்த்து ஒட்டித்தான் கொடுத்தார்கள். வாசித்துவிட்டு முற்றத்திலேயே இருந்துவிட்டேன். அம்மா வந்து உலுப்பினா. வெயில் என்று சொல்லிவிட்டேன்.

அந்த அகப்பைப் பகிடி கிரிசாந்தின் அப்பாவுடையது.

உனக்கு இவரைத் தெரியாது. எங்கள் கலியாணம் நடந்தது, கலவரத்தால் காத்தான்குடிக்கும் நமக்கும் இடையில் போக்குவரத்து இல்லாத காலம். நீ வரவில்லை, நானும் படம் அனுப்பவில்லை. பெயர் அழகரத்தினம், சொந்த ஊர் களுவாஞ்சிக்குடி. இங்கே வாடிவீட்டு விடுதியில் சமையல். கலியாணம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கிழமை, குசினியில் நின்ற என் காதில் அகப்பைக் காம்பை வைத்து அப்படித்தான் சத்தம் எழுப்பினார். வேறு ஒருவருக்கும் அது வராது என்று பெருமை அடிப்பார்.

மகன் தவழத் தொடங்கிய காலத்தில், வெளிநாட்டுக்கு ஏஜென்சியில் அலுவல் பார்க்க என்று கொழும்புக்குப் போனார். தங்கியிருந்த லொட்ஜை ஆமிக்காரர் சுற்றிவளைத்துப் பெடியன்களை ஏற்றினார்கள் என்று மட்டும் சேதி வந்தது. நானும் அவரைப் பெற்ற மாமியும் போகாத முகாம் இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாக நின்றோம். முந்தின வருடம் விடுதலையாகி வந்த ஒருவர், இவரை வேறு வாகனத்தில் ஏற்றிப்போனதைக் கண்டதாகவும் அந்த வாகனத்தில் போன எவரும் திரும்பி வரவில்லை என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு நான்தான் முடிவெடுத்தேன், நஸீறா. மாமி இல்லை, அம்மா இல்லை, நான்தான். காத்துக்கொண்டிருக்க உடம்பில் தெம்பு இல்லை. போன ஆடி அமாவாசைக்குப் பிள்ளையை அமிர்தகழிக்குக் கூட்டிப்போய், மாமாங்கத் தீர்த்தக் கரையில் ஐயரிடம் தகப்பன் பெயர் சொல்ல வைத்து, எள்ளும் தண்ணீரும் இறைக்க வைத்தேன். தாலியைக் கழற்றினேன். பொட்டை அழித்தேன். மாமி அன்று எங்கள் வாசல் படலையில் நின்று சொன்ன சொல் இன்னும் காதில் கிடக்கிறது. "என்ட புள்ள சாகல்ல கா. நீதான் சாகடிச்சாய்." அதற்குப் பிறகு என் கையால் ஒரு மிடறு தண்ணீர் வாங்கவில்லை. மாசியில் மோசம் போயிட்டா. கொள்ளி வைக்க மகன் இல்லையே என்று, என் பிள்ளையைத்தான் தூக்கிப் பிடித்து வைத்தார்கள்.

இனி நான் கேட்பதைச் செய். அந்த மனிதரின் இடக்கை மணிக்கட்டின் உட்பக்கத்தைப் பார். எண்ணெய் தெறித்துச் சுட்ட தழும்பு, வெற்றிலை வடிவில் இருக்கவேண்டும். பேச்சுக் கொடுக்காதே. பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அவராக இல்லாவிட்டால் ஒரு அழுகையோடு போய்விடும். அவர்தான் என்றால் நான் உயிரோடு இருக்கிற மனிதனுக்கு எள் இறைத்திருக்கிறேன். அது அவருக்கு என்ன செய்யும்? போன ஆடிக்குப் பிறகு அவருக்கு வருத்தம் துன்பம் ஏதும் வந்ததா என்று தெரியாத மாதிரி விசாரி. சிரிக்காதே. படித்தவள்தான், ஆனாலும் பயமாக இருக்கிறது.

அடுத்த மாதம் மாமாங்கத்துக்குக் கொடி ஏறப்போகிறது. அமாவாசையன்று பிள்ளையைத் திரும்பவும் கூட்டிப்போக அம்மா இப்போதே ஆயத்தம். அதற்கு முன்னால் உன் பதில் எனக்கு வேண்டும். தபாலில் போடாதே, ஊருக்கு வருகிற யார் கையிலாவது கொடுத்துவிடு.

நீ எழுதிய ஒரு சொல்லில் நான் இடறி நிற்கிறேன். கொழுத்த ஆள் என்று எழுதியிருக்கிறாய். என் மனதில் இருப்பவர் மெலிந்தவர். இத்தனை வருடமும் ஒவ்வொரு பிடி சோற்றையும் அவர் எங்கே பசியோடு கிடக்கிறாரோ என்று நினைத்துத்தான் விழுங்கியிருக்கிறேன்.

மலர்

---

லார்னக்கா
08.07.1998

மலர்,

ஏறாவூர்ப் பிள்ளை ஒருத்தி லீவில் வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். எங்கள் உம்மாவிடம் சேர்ப்பாள், நீ போய் வாங்கிக்கொள்.

தழும்பு இருக்கிறது.

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மீதியை வாசி.

பேச்சுக் கொடுக்காதே என்றாய். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாம் நாள் என்னால் ஏலவில்லை. கோட்டைக்குள் பாட்டு நிகழ்ச்சி தொடங்கிய நாள், கடை நிரம்பி வழிந்தது. அவர் அடுப்படியில் நின்றார். பின்னால் போய், "அழகரத்தினம் அண்ணன்" என்று கூப்பிட்டேன்.

அகப்பை விழவில்லை, மலர். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுப்பைக் குறைத்தார். "ஆரு சொன்ன?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, காத்திருந்த மேசைகளுக்கு நண்டை அலங்கரித்து, எலுமிச்சம்பழம் வெட்டி வைத்து, ஒவ்வொரு தட்டாக அனுப்பி முடித்த பிறகுதான் பின்பக்கம் வந்து ஒரு பெட்டியில் இருந்தார். நான் நின்றபடியே கேட்டேன்.

லொட்ஜில் பிடித்தது உண்மை, அடித்தது உண்மை. கொஞ்ச மாதத்தில் விட்டிருக்கிறார்கள். திரும்பவும் பிடிப்பார்களோ என்று ஏஜென்சிக்காரன் காட்டிய வழியில் லெபனானுக்குப் போய், அங்கிருந்து வள்ளத்தில் இந்தத் தீவுக்கு வந்திருக்கிறார். அப்போதிருந்தே இந்தக் கரையில்தான். சரி, ஒரு வரி எழுதாமல் இருக்க என்ன வந்தது என்று கேட்டேன்.

"முதல்ல பயம் தங்கச்சி. கடிதம் போனா வீட்ட போய் விசாரிப்பானுகள் எண்டு. மறுகா வெக்கம், இவ்வளவு நாளும் எழுதாம இப்ப என்னத்த எழுதுற எண்டு."

"மறுகா?"

"மறுகா பழகிப்போச்சு."

வேறு பெண் இருக்கிறாளா என்று கடையில் எல்லாரையும் விசாரித்துவிட்டேன். இல்லை. இருந்திருந்தால் உனக்கு இதை எழுதுவது லேசாக இருந்திருக்கும். சாமான் அறைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில், ஒரு ரேடியோ, கோடையில் கூத்தும் குடியும், மாரியில் நித்திரை. வெள்ளப் பெருநாளில் முதலாளியின் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடலில் இறங்கி அவர் தண்ணீர் அடித்து விளையாடியதை நானே பார்த்துச் சிரித்தேன். அன்று நான் சிரித்ததற்கு என்னை மன்னித்துக்கொள்.

வருத்தம் ஏதும் வந்ததா என்று நீ கேட்டதைச் சுற்றிவளைக்காமல் கேட்டுவிட்டேன், எள் இறைத்த கதையையும் சொல்லி. அவர் வயிற்றைத் தட்டிச் சிரித்தார். "அந்தத் திவசச் சோத்திலதான் எனக்கு இப்பிடி உடம்பு வச்சிருக்கு." பக்கத்தில் கழுவாத சட்டி ஒன்று கிடந்தது. எடுத்து எறியவில்லை, அல்லாஹ் என் கையைப் பிடித்தான்.

அதற்குப் பிறகு மாமி மோசம் போனதைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. கொள்ளி யார் வைத்தது என்று கேட்டார். கிரிசாந்த் என்றேன். அவர் விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணினார். பிறகு என்னையே கேட்டார்: "அவனுக்கு இப்ப எத்தின வயசு?"

எழுதாமல் விடுவோமா என்று யோசித்தேன். ஆனால் நீ கேட்டது தழும்பை மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும்.

அவர் சொல்லிவிட்ட சேதி இதுதான். நீ எந்த முடிவு எடுத்தாலும் அவருக்குச் சம்மதமாம். எழுதச் சொன்னால் எழுதுவாராம். "செத்தவனாவே இரி எண்டாலும் இரிக்கன்" என்றார். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதம், தட்டில் எலுமிச்சம்பழம் வைக்கவா வேண்டாமா என்று கேட்கிற மாதிரி இருந்தது. கல்மனது என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு பார்த்தால் அடுப்படியில் முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டு நின்றார்.

நான் அந்தப் பகிடியை உனக்கு எழுதியிருக்கக் கூடாது.

நஸீறா

---

புளியந்தீவு
26.07.1998

அன்பு நஸீறா,

நீ எழுதியது நல்லது. அந்தப் பாரத்தை நீ தூக்காதே.

கடிதம் வாங்கக் காத்தான்குடிக்குப் போனேன். உன் உம்மா விடவில்லை, சோறு தின்னவைத்துத்தான் அனுப்பினா. சபீனா நன்றாக வளர்ந்திருக்கிறாள். நீ அனுப்பிய சட்டை இறுக்கமாகிவிட்டது, அடுத்த முறை பெரிதாகப் பார்த்து எடு. உன் கடிதத்தைக் கல்லடிப் பாலத்தில் வாசித்தேன். பஸ்ஸை விட்டு இறக்கிச் சோதனைக்கு வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். சோதித்த பெண், ஏன் நடுங்குகிறாய், பைக்குள் என்ன என்று பையைக் கொட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லையே என்று அவளுக்கே ஏமாற்றம்.

வீட்டில் வாய் திறக்கவில்லை. அம்மா காத்தோட்டிக்காய் தேடி வாங்கி வைத்திருந்தா, அமாவாசைக் கறிக்கு. வாழைக்காய், பூசணிக்காய், பச்சை அரிசி எல்லாம் ஐயருக்குக் கொடுக்கத் தட்டில் அடுக்கியாயிற்று. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் உண்மையில் நினைத்தேன். செத்தவரின் பெண்சாதி என்றால் ஊர் இரங்கும். பாடசாலையில் பிள்ளையின் தலையைத் தடவி விடுவார்கள். விட்டுவிட்டுப் போனவரின் பெண்சாதி என்றால் என்னில் என்ன குறை என்று தேடுவார்கள். அவர் சம்மதித்துவிட்டார், நானும் சம்மதித்தால் முடிந்தது. ஒருவருக்கும் நட்டமில்லை.

மாமாங்கத்தில் இந்த வருடமும் நல்ல சனம். ஐஸ்பழம், கச்சான்கடலை, காப்புக் கடைகளைத் தாண்டிக் கரைக்குப் போக நெடுநேரம் எடுத்தது. படியில் வரிசையாகப் பெண்கள், ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு பிள்ளை. தகப்பன் நோயில் செத்ததால் வந்த பிள்ளைகள் கொஞ்சம்தான், நஸீறா. மற்றதெல்லாம் பிடித்துக்கொண்டு போனவர்களின் பிள்ளைகள். கிரிசாந்த் தீர்த்தத்தில் முழுகி எழும்பி, நனைந்த வேட்டியோடு ஐயருக்கு முன்னால் இருந்தான். தகப்பன் பேர் என்ன என்று ஐயர் கேட்டார். போன வருடம் மறந்து என் முகத்தைப் பார்த்தான். இந்த வருடம் மறக்கவில்லை. நிமிர்ந்து, உரத்து, "அழகரத்தினம்" என்றான். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளை சொல்கிற மாதிரி.

ஐயர் அவன் கையில் எள்ளை வைத்தார். நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன்.

"வேணாம் ஐயா. இவன்ட தகப்பன் உயிரோட இரிக்கார்."

நான் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அந்தப் படியில் அந்தச் சொல் எப்படி ஓடும் என்று நான் யோசிக்கவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள் எழும்பி வந்து என்னைச் சுற்றிக்கொண்டார்கள். எந்த முகாமில், யார் கண்டது, லிஸ்ட் வந்திருக்கிறதா, அவருடன் வேறு யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். ஒருத்தி என் சேலையைப் பிடித்துக்கொண்டு தன் புருஷனின் பெயரைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். பக்கத்துத் தெரு இரத்தினம்மா, தொண்ணூறாம் ஆண்டு பிடிபட்டவரின் மனைவி, அவளும் அங்கே இருந்தாள். ஐயருக்கு நீட்டிய தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தன் மகளின் கையில் இருந்த எள்ளைத் தட்டி உதறினாள்.

நஸீறா, அதைக் கண்டபோதுதான் நான் உண்மையில் விறைத்துப் போனேன். உன் கடிதத்தில் கூட இப்படி ஆகவில்லை.

இல்லை, இல்லை என்றேன். முகாமில் இல்லை, வெளிநாட்டில் இருக்கிறார், தாமாகத்தான் எழுதாமல் விட்டார் என்றேன். எப்படிச் சொல்லியும் அவர்கள் கேட்டது "இருக்கிறார்" என்ற ஒன்றைத்தான். "என்ன மாதிரியும் இரிக்கட்டும் புள்ள, இரிக்காரே" என்று இரத்தினம்மா சொன்னாள். சமைக்கிறார், கொழுத்திருக்கிறார், பிள்ளையின் வயது மறந்துவிட்டது என்று நான் சொன்னாலும் அவள் அதையே சொல்லியிருப்பாள். தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மகளோடு படியேறிப் போய்விட்டாள். நான் அவளுக்கு என்ன செய்துவிட்டேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அம்மா வழி முழுவதும் அழுதுகொண்டு வந்தா. "சொல்லாம உட்டிரிக்கலாமே புள்ள, ஆருக்குத் தெரியும்." வீட்டுக்கு வந்து அந்தக் காத்தோட்டிக்காயை என்ன செய்வதென்று தெரியாமல் கோழிக்குக் கொட்டினா. சமைக்கவில்லை. மூவரும் பாணும் சம்பலும் தின்றோம்.

நான் எடுத்த முடிவு என்ன என்று கேட்பார். சொல்லிவிடு. செத்தவராக இருக்க நான் சம்மதிக்கவில்லை. அது அவருக்கு லேசு, எனக்கும் லேசு, பிள்ளைக்கு மட்டும் அது பொய். தாலியை நான் திரும்பக் கட்டமாட்டேன். வரச் சொல்லியும் கேட்கமாட்டேன். இந்த வீடு என்னுடையது, உத்தியோகம் என்னுடையது, அவர் இல்லாமல் நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. நான் அவருக்கு எழுதப் போவதில்லை, அவர் எனக்கு எழுதவும் வேண்டாம். சித்திரை முழுநிலாப் பறுவத்துக்குத் தன் தாய்க்குச் செய்ய வேண்டியதை அவரே செய்யட்டும், அங்கேயும் கடல் இருக்கிறதுதானே. மாமி சொன்னதுதான் சரியாக இருந்தது. அதை அவவிடம் போய்ச் சொல்ல எனக்கு இடமில்லை.

ஒன்றே ஒன்று கேட்க இருக்கிறது. அன்று பாண் தின்றுகொண்டிருக்கும்போது கிரிசாந்த், "அப்பா இரிக்கார் எண்டா ஏன் வரல்ல?" என்று கேட்டான். அம்மா என்னைப் பார்த்தா. பயம், வெட்கம், பழகிப்போச்சு என்று நான் ஒரு பிள்ளைக்கு எப்படிச் சொல்வேன்? தெரியாது என்றேன். அன்றிலிருந்து நித்தமும் கேட்கிறான்.

அதற்குப் பதில் என்னிடம் இல்லை. அவரிடம் இருந்தால் மகனுக்கு எழுதட்டும். மேல்விலாசத்தில் என் பெயர் வேண்டாம், அவன் பெயரைப் போடட்டும். பெரிய எழுத்தில், இடம் விட்டு எழுதச் சொல். அவன் இப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறான்.

உன்
தவமலர்